அழிசியின் முதல் உருட்டு

செம்பாறை வேந்தரின் செங்கோல் நிமிர்ந்து நிற்க. நீர்க்கோட்டை நாட்டின் ஏரிகள் கரைதொட்டு நிறைக. உருட்டுக்களங்களின் தணிக்கை அதிகாரியும் அரச முத்திரை தாங்கியவனுமாகிய நெடுங்கோடன், நீர்க்கோட்டை அமைச்சர் பெரும்பூதனாரை வணங்கி விடுக்கும் ஓலை.

தங்கள் நாட்டு ஆட்டக்காரன் அழிசியைப் பற்றியது இது. நடந்ததை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே ஐயம். இறுதி ஆட்டத்தில் அவனுடைய முதல் உருட்டில் ஒன்பது கட்டைகளும் விழுந்தன என்று ஊரார் சொல்கிறார்கள். என் நினைவில் எட்டுத்தான் விழுகின்றன. ஒன்று ஆடி ஆடி நின்றுவிடுகிறது.

எம் நாட்டில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி, ஆளுக்கு ஐந்து முறை கல்லுருண்டையை உருட்டுவோம். உருட்டுக்கு ஆறு கட்டைக்குக் குறையாத சராசரி உடையோர் முதற்களத்தில் ஆடுவர். மற்றையோர் இரண்டாம் களத்தில். அச்சராசரிகளைச் சரிபார்த்துக் களம் பிரிப்பது என் பணி. நானும் ஆடுபவன், என் சராசரியை மட்டும் வேந்தரே சரிபார்ப்பார். அது ஒருநாளும் ஆறைத் தொட்டதில்லை. ஆயினும் இரண்டாம் களத்து வெள்ளி மாலை ஆண்டுதோறும் என் கழுத்துக்கே வந்துகொண்டிருந்தது.

சென்ற ஆண்டு அழிசி வந்தான். சராசரி ஐந்து என்று தங்கள் முத்திரையிட்ட ஓலை சொல்லிற்று. இரண்டாம் களத்தில் சேர்த்தேன். மாலையைக் கொண்டுபோனான். இவ்வாண்டும் கொண்டுபோனான். கட்டைகள் சரியும் ஓசை கேட்கையில் திரும்பிப் பாராமலே நடந்து வருவான். அந்த நடையை நான் வீட்டு முற்றத்தில் நடந்து பார்த்திருக்கிறேன், வரவில்லை. கூட்டத்தில் எவனோ, "அதிகாரி ஐயா, மாலை இல்லாம கழுத்து குளிருதா?" என்று கூவினான். என் மனைவியும் சிரித்தாள்.

ஐந்து சராசரிக்காரன் இப்படி ஆட இயலாது, எளிய களத்தில் வெல்வதற்காகவே குறைத்துக் காட்டினான் என்று அவையில் குற்றம் சாட்டினேன். அக்குற்றத்துக்கு எம் நாட்டில் ஆடுபவனின் கல்லை உடைப்பார்கள். பின் அவன் எக்களத்திலும் ஏற இயலாது. வேந்தர் முடிவை என் முத்திரைக்கு விட்டார். சம்மட்டிக்காரனை நானே வரவழைத்தேன்.

விசாரணையில் அழிசி கல்லை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்: அவர்கள் நாட்டில் முதல் உருட்டு எல்லைத் தெய்வத்துக்கு உரியது; அதில் விழுந்த கட்டைகளை எழுத மாட்டார்கள்; வகுக்கும்போது மட்டும் ஐந்தால் வகுப்பார்கள். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "சாமிக்குக் கொடுத்ததை யாராச்சும் சொல்லிக் காட்டுவாங்களா ஐயா?" என்று சிரித்தான்.

அறையில் எங்களையும் சம்மட்டிக்காரனையும் தவிர வேறு எவருமில்லை. நான் கணக்குப் போட்டேன். எழுதிய நான்கு உருட்டுகளில் இருபத்தைந்து. தெய்வத்தின் உருட்டுக்கு ஊரார் சொல்லும் ஒன்பதையே சேர்த்தால் முப்பத்துநான்கு. ஐந்தால் வகுத்தால் ஏழுக்குச் சற்றே குறைவு. அவன் பொய்யனல்லன், முதற்களத்துக்காரன். பொய்யனாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிது. அவனை என் களத்திலிருந்து அகற்ற இரண்டு வழிகள் இருந்தன: கல்லை உடைப்பது, அல்லது அவனை உயர்த்துவது. சம்மட்டிக்காரன் இரண்டாம் முறை இருமியபோது முத்திரையை எடுத்து, உயர்த்தி எழுதினேன்.

ஆகவே வேந்தர் ஆணை: இனி நீர்க்கோட்டையிலிருந்து வரும் சராசரிகளில் தெய்வத்துக்கு விட்ட உருட்டும் சேர்ந்தே வரவேண்டும். தெய்வம் குறைபட்டுக்கொண்டால் அப்பழி செம்பாறையைச் சேரும்.

அழிசி இரண்டு மாலைகளையும் தானாகவே திருப்பித் தந்தான். அடுத்து நடந்த முதற்களப் போட்டியில் மூன்றாமவனாக வந்தான். அவன் கல் முழுதாக இருக்கிறது. சம்மட்டிக்காரன் ஊர் திரும்பினான். இரண்டு மாலைகளும் என்னிடம் உள்ளன. கூட்டம் முதற்களத்தில் நிற்கிறது, என் மனைவியும் அங்கேதான். நேற்று வெறுங்களத்தில் நானும் முதல் உருட்டைத் தெய்வத்துக்கென்று விட்டேன். கட்டைகள் அடங்குமுன்பே எண்ணிவிட்டேன், ஏழு.

இவ்வோலை என் கைப்பட எழுதி, செம்பாறை முத்திரை இட்டது.