இடக்கைத் தேவதூதன்

அபுதாபி
5.11.2006

அன்புள்ள ஷியாமளா,

நான் நலம். நீ ஆய்வேட்டைக் கட்டிக்கொண்டு வேளைக்குச் சாப்பிடாமல் இருப்பாய் என்பது எழுதாமலே தெரியும். போனில் பேசினால் 'எப்போது வருகிறாய்', 'எப்படி வருவேன்' என்று உடனே சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம்.

உன் படம் இங்கே வந்திருக்கிறது. ஏழு வருஷமாக ஒரே ஒரு ஸ்லைடில் நீ பார்த்துக்கொண்டிருக்கும் அதே படம். ஐரோப்பாவில் ஏதோ மலையூர் மாதா கோவிலில், பீடத்துக்குப் பின்னால் நிற்கும் கதவு வைத்த ஓவியம் என்பாயே, அதுதான். கோவிலில் பழுது பார்ப்பதால் ஊர் சுற்ற அனுப்பியிருக்கிறார்கள். ஜனவரி கடைசி வரை கண்காட்சி. டிக்கெட் போடட்டுமா?

உன்
சீதாராமன்


திருச்சி
16.11.2006

அன்புள்ளவருக்கு,

நமஸ்காரம். உங்கள் கடிதத்தை வகுப்புக்கு நடுவில் படித்துவிட்டு அடுத்த பாடம் என்ன நடத்தினேன் என்றே தெரியவில்லை.

வர முடியாது. டிசம்பர் நடுவில் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வழிகாட்டி கோபாலசாமி சார், "இப்போ நகர்ந்தீங்கன்னா நான் கைடே இல்லம்மா" என்கிறார். எனக்காக நீங்கள் போய்ப் பாருங்கள்.

கதவுகளை மூடினால் வெளிப்புறம் தெரிவதுதான் என் படம். பிள்ளை பிறக்கப்போகிறது என்று தேவதூதன் மாதாவிடம் சேதி சொல்கிறான். மற்ற ஓவியங்களில் பெரும்பாலும் அவன் இடப்பக்கம் நின்று வலது கையைத் தூக்குவான். இந்த ஓவியர் மட்டும் அவனை வலப்பக்கம் நிறுத்தி, இடது கையால் ஆசீர்வதிக்க வைத்தார். ஏன் என்பதுதான் என் ஆய்வு முழுவதும்.

கல்யாணமான புதிதில் பந்தியில் எல்லோர் முன்னாலும் உங்கள் அம்மா என் இடது கையிலிருந்து சாம்பார் கரண்டியைப் பிடுங்கினார். நீங்கள் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அந்த ஸ்லைடை முதலில் பார்த்த அன்று மணி அடித்த பிறகும் நான் எழுந்து போகவில்லை. நான் உங்களோடு வராமல் இங்கேயே இருந்தது அந்தத் தேவதூதனுக்காகத்தான்.

'நன்றாக இருந்தது' என்று ஒரு வரி எழுதினால் பொல்லாத கோபம் வரும்.

ஷியாமளா


அபுதாபி
27.11.2006

அன்புள்ள ஷியாமளா,

வெள்ளிக்கிழமை போனேன். ஆபீஸ் டிரைவர் சுஐபு கூட வந்தான். கீழக்கரைக்காரன். "படம் பாக்கவா சார் லீவு நாள்ல?" என்று வழியெல்லாம் சிரித்தான்.

உள்ளே போனதும் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஓவியம் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கிறது. நீ இதைச் சொல்லவே இல்லை. மூடிய கதவில் சாம்பல் நிறத்தில் இரண்டு உருவங்கள். கல்சிலை என்றே நினைத்தேன். கையை நீட்டிவிட்டேன் போலிருக்கிறது, காவலாளி "மாஃபி டச், பாய்", தொடக்கூடாது என்று ஓடிவந்தார்.

பிறகு கையுறை போட்ட ஒருவர் கதவுகளைத் திறந்தார். உள்ளே குழந்தையும் மாட்டுக்கொட்டிலும், பின்னால் முழுவதும் பொன். எங்கேயோ விளக்கை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று இன்ஜினியர் புத்தியில் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். விளக்கு இல்லை. வெறும் மரமும் தங்க ரேக்கும்தான். எத்தனையோ கட்டடம் கட்டியிருக்கிறேன், எதன் முன்னாலும் இப்படி நின்றதில்லை. சுஐபு என் சட்டையைத் தொட்டு, "போலாமா சார்? இல்ல, இன்னும் கொஞ்சம் நிக்கலாம்" என்று அவனே பதிலும் சொன்னான்.

ஷியாமளா, இனி எழுதுவதைப் பொறுமையாகப் படி. கதவை மறுபடி மூடிய பிறகு நன்றாகப் பார்த்தேன். சுஐபையும் கேட்டேன். தேவதூதன் இடப்பக்கம் நிற்கிறான். தூக்கியிருப்பது வலது கை. உன் ஸ்லைடில் பக்கம் மாறியிருக்கிறது.

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த ஆய்வு தொலைந்தால் நீ இங்கே வருவாய் என்று நான் ஆசைப்பட்டதுண்டு. அதனால்தான் இதை இரண்டு முறை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன். சந்தோஷமாக எழுதவில்லை, நம்பு.

சீதாராமன்


திருச்சி
9.12.2006

அன்புள்ளவருக்கு,

முதலில் உங்களைத் திட்டித் தீர்த்தேன். எனக்கு எதிராக நீங்கள் கட்டிய கதை என்றுகூட நினைத்தேன். அப்புறம் ஸ்லைடின் அட்டைச் சட்டத்தைப் பிரித்தேன். அட்டைக்குள் மறைந்திருந்த பிலிம் ஓரத்து எழுத்து, கண்ணாடியில் தெரிவதுபோல் இடம் வலம் மாறி இருந்தது. கல்லூரிக்குத் தானமாகக் கொடுத்தவரோ வேறு யாரோ திருப்பிப் போட்டுவிட்டார்கள். நானும் அதை ஏழு வருஷம் பூஜை செய்திருக்கிறேன்.

கோபாலசாமி சாரிடம் சொன்னேன். "யாருக்கும்மா தெரியப்போகுது? குடுத்துடுங்க" என்றார். ஆய்வேட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் ஆளில்லாத வகுப்பில் ஸ்லைடைச் சரியாகப் போட்டுத் திரையில் பார்த்தேன். வலது கையைத் தூக்கிக்கொண்டு எல்லாத் தேவதூதர்களையும் போல நின்றான். அழுதேன். அழுகை ஓய்ந்த பிறகு கண் மாதாவிடம் போனது. இத்தனை வருஷமும் அவளை நான் சரியாகப் பார்த்ததில்லை. ஒரு கை புத்தகத்தின் மேல் இருக்கிறது. சேதியை வாங்கிக்கொள்ள மற்றொரு கையைத் தூக்குகிறாள். ஸ்லைடு மாறியிருந்தபோது அது வலது கையாகத் தெரிந்ததால் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது பார்த்தால், அது இடது கை.

அவ்வளவு பெரிய வரத்தை அவள் இடது கையால் வாங்குகிறாள். தேவதூதன் முகம் சுளிக்கவில்லை. விளக்கைப் போடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதை நீங்கள் போய்ப் பார்த்துச் சொல்ல வேண்டாம். நானே வந்து பார்க்கிறேன், நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். ஆய்வை முதலிலிருந்து எழுத வேண்டும், அதை எங்கே உட்கார்ந்தும் எழுதலாம். கல்லூரியில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

விசிட் விசா வேண்டாம். ஃபேமிலி விசா போடுங்கள்.

உங்கள்
ஷியாமளா