ஒலிபெருக்கிக்குள் குளவி

கற்பிட்டி

அன்புள்ள பஸீனாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகம்தானே? என் முகத்தைப் பார்த்தால் பயப்படுவாய் என்றுதான் வீடியோக் கோலை எடுக்காமல் எழுதுகிறேன்.

பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்குள் குளவி கூடு கட்டியிருக்கிறது. நான் தொழுகைக்குப் பாங்கு சொல்லத் தொடங்கியதும் குளவிகள் கலைந்து என் மேல் இறங்குகின்றன. நேற்று ஒன்று உதட்டில் கொட்டிவிட்டது. கொஞ்சம் வீக்கம்தான்.

“மைக்க நிப்பாட்டினா தோணில நிக்கிற ஆக்களுக்கு கேக்காதே, மவன்” என்கிறார் பள்ளிவாசல் தலைவர் றஊப் ஹாஜியார். கூட்டை எடுக்க ஆள் வரும்வரை துவாயால் தலையை மூடிக்கொண்டு சொல்கிறேன்.

உம்மாவிடம் சொல்லாதே. வீக்கத்துக்குப் பூச கருஞ்சீரக எண்ணெய் ஒரு போத்தல் அனுப்பிவிடு.

லுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. எனக்காக துஆச் செய். பிள்ளை பிறந்ததும் காதில் நான்தான் பாங்கு சொல்ல வேண்டும். இன்று காலை என் குரல் நடுங்கியது எனக்கே கேட்டது. பிள்ளை கேட்கும் முதல் குரல் அப்படி இருக்கக் கூடாது, பஸீனா.

முஆஸ்