தொட்டி போர்டோடு எனக்கு வந்த சண்டை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அத்தை மூன்று பேரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். ஃபோனில் நான் வாயைத் திறப்பதற்குள் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய் குறையவில்லை. எனக்குப் பள்ளிச் சீருடைத் துணி வந்து மலையாகக் கிடக்கிறது, நாள் முழுக்க மெஷினில்தான் இருக்கிறேன்.

அதனால்தான் வந்தது வினை. லீவுக்கு வந்தபோது தண்ணீர்த் தொட்டிக்கென்று தீப்பெட்டி அளவில் ஒரு சர்க்யூட் போர்டைச் செய்து, என் மெஷினுக்கு நேர் எதிர்ச் சுவரில் மாட்டிவிட்டுப் போனாயே, அதற்குள் ஒரு குட்டி வெப் சர்வர் ஓடுகிறது, யார் ஃபோனில் கேட்டாலும் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று ஒரு வெப் பக்கத்தை எடுத்துக் கொடுக்கும், கொடுக்கும்போது விளக்கு மின்னும் என்றாயே, அந்த விளக்கு ஓயாமல் மின்னிக்கொண்டே இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், நீதான் அங்கிருந்து கேட்கிறாய் என்று எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவளை ஞாயிற்றுக்கிழமை ஒரு தரம் கேட்கிறாள், ஒயர் தொங்குகிற இந்தச் சனியனைக் காலையிலும் கேட்கிறாள், மத்தியானமும் கேட்கிறாள், அப்படி என்ன பெரிய தொட்டி என்று அதைப் பார்த்து முறைத்துக்கொண்டே தைத்தேன். ஒரு நாள் விளக்கின் மேல் துண்டுத் துணியைக்கூட ஒட்டினேன், பிறகு மனசு கேட்காமல் நானே பிய்த்துவிட்டேன். அதற்குக் கண் கிடையாது என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் மின்னினால் தலையைக் கோதிக்கொண்டு நிமிர்ந்து உட்காருவேன். அத்தை பார்த்துச் சிரித்தாள்.

போன வாரம் தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள், வீட்டில் நெட் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை உன் முகம்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அந்த விளக்கு மட்டும் ஜம்மென்று மின்னுகிறது! என்னோடு பேச நெட் இல்லை, அதோடு பேச மட்டும் இருக்கிறதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. கேபிள்காரர் வந்ததும் முதல் வேலையாக அவரிடம்தான் முறையிட்டேன். அவர் போர்டைப் பார்த்துவிட்டு, இந்த வெப் பக்கம் வீட்டு வைஃபைக்குள் மட்டும்தான் தெரியும், அதற்கு நெட் தேவையில்லை, அங்கே இருந்து உங்கள் பெண் நினைத்தாலும் பார்க்க முடியாது என்றார். மாட்டிய அன்றைக்கு நீயும் அதையே சொன்னாயாம், அத்தை சொல்கிறாள், எனக்குத்தான் மண்டையில் ஏறவில்லை.

அப்படியென்றால் யார்தான் கேட்பது என்று கீழே இறங்கினேன். பூட்டுக் கடையில் உன் அப்பா, சாவி அராவுகிற மெஷின் மேல் ஃபோனைச் சாய்த்துவைத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தொட்டிமேல் என்ன இவ்வளவு அக்கறை என்றேன். "தண்ணிய யாரு பாத்தா. மேல அவ எழுதியிருக்கால்ல, அதப் படிக்கிறேன்" என்றார். எட்டிப் பார்த்தேன். அப்பா, தொட்டி நிறைஞ்சா மோட்டாரை நிறுத்துங்க என்று எழுதியிருக்கிறாய். அம்மா என்று ஒரு எழுத்து இல்லை. நான் விறுவிறுவென்று மேலே வந்துவிட்டேன், அன்றைக்கு அவருக்குக் காபி ஆறித்தான் போனது.

இப்போது விளக்கு மின்னினால் நான் நிமிர்வதில்லை, கீழே இருக்கிற மனுஷன்தானே. ஆனால் ஒன்று சொல்கிறேன் கண்ணு, அந்தப் போர்டின் மேல் பொறாமைப்பட்ட நாளெல்லாம் நீ எதிரிலேயே இருந்த மாதிரி இருந்தது. இப்போது சுவர்தான் இருக்கிறது.

குளிர் காற்றில் தலையை மூடிக்கொள், பட்டினி கிடந்து வேலை பார்க்காதே. எந்தக் குறையும் அண்டாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நன்றாக இரு. ஒன்றை மறந்துவிடாதே. வெளியூரிலிருந்தும் அந்தப் பக்கத்தைப் பார்க்க வழி இருக்கிறது என்று கேபிள்காரர் சொன்னார். அதைச் செய்துவிடாதே. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று தெரிய வேண்டுமென்றால் என்னைக் கூப்பிட்டுக் கேள், நான் மாடி ஏறிப் பார்த்துவந்து சொல்கிறேன்.

அதுவரை ஃபோனைக் கையிலேயே வைத்திருக்கும்,
உன் அம்மா