நிற்காமல் ஓடிய கேள்வி

திங்கள்

என் கண்ணுக்கு,

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று எழுதிவிடுகிறேன். பிறகு எவரும் மாற்றிப் பேசக் கூடாது. கம்ப்யூட்டர் முன்னால் நீ. உன் தோளை ஒட்டி நான். கட்டிலில் உன் அப்பா. கதவோரம் துவைத்த துணியோடு உன் அம்மா. நாற்காலியில் லாரி ஓட்டும் உன் சித்தப்பா, பக்கத்தில் சித்தி.

நீ எழுதிய முதல் புரோகிராம். "பாட்டி, சாப்டீங்களா?" என்று ஐந்து தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும் என்றாய். அது நிற்கவில்லை. திரை முழுக்கக் கேட்டுக்கொண்டே ஓடியது.

"அம்மாவுக்கு இன்னும் வயிறு ரொம்பலைபோல!" என்றான் சித்தப்பா. சித்தி விழுந்து விழுந்து சிரித்தாள். உன் அப்பன் எழுந்து பிளக்கைப் பிடுங்கினான். "போதும், நீ படிச்சுக் கிழிச்சது" என்றான். பையைத் தூக்கிக்கொண்டு விடுதிக்குப் போன நீ, போனைக்கூட எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டர் பரீட்சை. என்னடி செய்யப்போகிறாய்?

எதையும் மறக்காத,
பாட்டி

புதன்

அன்புள்ள பாட்டிக்கு,

தப்பு எங்கே என்று பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவை கேட்டதும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு என்று ஒரு வரி வேண்டும். அதை மறந்தேன். கூட்டாவிட்டால் அதற்கு எப்போதுமே முதல் தடவைதான். இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தியிருந்தால் நின்றிருக்கும். அதற்குள் அப்பா...

இப்போது கீபோர்டில் கை வைத்தாலே சித்தப்பாவின் சிரிப்புதான் கேட்கிறது. பரீட்சையில் வாத்தியார் பார்க்கப் பார்க்க எழுத வேண்டும். என்னால் ஆகாது. வெள்ளி காலையில் வந்து கூட்டிப்போகும்படி அப்பாவுக்குச் செய்தி அனுப்பிவிட்டேன். பெட்டி கட்டியாயிற்று.

அப்பாவிடம் பேசாமல் இருந்துவிடாதீர்கள். ஒரு சேலைக்காகச் சொந்த அக்காவிடம் ஆயுசு முழுக்கப் பேசாதவர் நீங்கள். பயமாக இருக்கிறது.

உங்கள் பேத்தி

வியாழன்

கண்ணு,

இதைக் கொண்டுவருகிறவன் உன் சித்தப்பா. சிரித்த வாயாலேயே மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருக்கிறேன். கேட்காவிட்டால் எனக்குச் சொல்.

வண்டிச் சாவியைத் தலையணை உறைக்குள் ஒளித்துவிட்டேன். உன் அப்பன் வீட்டையே புரட்டிப்போட்டான்.

"அம்மா, விளையாடாதீங்க. விடிஞ்சா புள்ள காத்துட்டு நிப்பா."

"ரெண்டு பட்டன்ல நின்னிருக்குமாம்டா, தெரியுமா?"

அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எல்லாரும் என் புள்ளையப் பாத்து சிரிச்சாங்கம்மா. எப்படி நிறுத்துறதுன்னு தெரியல. அதான் பிடுங்கிட்டேன்" என்றான். மூக்கு சிவந்துபோயிற்று. மன்னித்துத் தொலைத்தேன்.

நாளை சாயங்காலம் பரீட்சை முடிந்த பிறகு வந்து கூட்டிவருவான். அதற்கு முன்னால் சாவி கிடையாது.

போய் அந்த ஒரு வரியை எழுது. மறுபடியும் நிற்காமல் ஓடினால் ஓடட்டும், எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும். அதற்காக உன்மேல் கோபமே வராது. ஆனால் பரீட்சை நாற்காலியில் உட்காராமலே பெட்டியோடு என் முன்னால் வந்து நின்றாயோ, ஒரு சேலைக்கே எத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன் என்பதை நினைத்துக்கொள். அன்றைக்கு அங்கே இருந்த அத்தனை பேரையும் மன்னித்து விட்டுவிட்டேன். விடவே மாட்டேன் என்று ஒருத்தி இருந்தால், அது நீதான்.