ஏமிக்காகச் செய்த சிரப்

ரிங்லெட், கேமரன் மலை
நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கரேனுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அம்மாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே வானிலை அறிக்கை வாசிக்கிறது. நீயும் கிறிஸ்டியன் மாப்பிள்ளையும் நம் ஏமியும் ஆக்லாந்தில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் ஜெபிக்கிறோம். வாட்ஸ்அப் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் பேப்பரும் பேனாவும் எடுத்தான் என்று நினைப்பாய். ஃபோனில் நான் வாயைத் திறந்தால் நீ சொல்லைக் கேட்க மாட்டாய், குரல் குழறுகிறதா, கண் சிவந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாய். அப்படிப் பார்க்க உனக்கு உரிமை இருக்கிறது, அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் போன புதன்கிழமை அம்மா உனக்கு ஃபோன் செய்து, அப்பா மறுபடியும் ஆரம்பித்துவிட்டார் என்று அழுதாள் அல்லவா, அதற்கு நீ, டிசம்பரில் நாங்கள் மலைமேல் வரமாட்டோம், ஈப்போவில் சித்தி வீட்டிலேயே தங்கிக்கொள்கிறோம், அம்மா மட்டும் இறங்கி வரட்டும் என்றாய் அல்லவா, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஏமிக்கு நாலு வயது முடிந்துவிட்டது, நான் அவளை ஃபோன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறேன். அவள் பிறந்த மாதம், குடிக்கிற வீட்டுக்கு என் பிள்ளையைக் கொண்டுவர மாட்டேன் என்று நீ சொன்னாய், அந்த மாதமே நான் நிறுத்தினேன். நாலு வருஷம் பார்த்துவிட்டுத்தான் நீ டிக்கெட் எடுத்தாய். இப்போது என்ன நடந்தது என்பதை முழுதாகப் படி, பிறகு நீயே முடிவு செய்.

எல்லாம் அந்த சிரப்பால் வந்தது. ஏமி காலையில் பேன்கேக் தவிர எதையும் தொடமாட்டாள், அதுவும் நீ வீட்டில் செய்கிற பெர்ரி சிரப்பை மேலே ஊற்றினால்தான் என்று ஆகஸ்டில் நீ சொன்னதிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வேறு பேச்சே இல்லை. கடையில் விற்கிற பாட்டிலை வாங்கி வைக்கலாம் என்றேன். கேமரன் மலையில் உட்கார்ந்துகொண்டு ஸ்ட்ராபெரி சிரப்பைக் கடையில் வாங்குவதா, பிள்ளை என்ன நினைக்கும் என்று அம்மா முறைத்தாள். நாலு வயதுப் பிள்ளை அதைப் பற்றி ஒன்றும் நினைக்காது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பிரிஞ்சாங் பக்கம் ஸ்ட்ராபெரித் தோட்டம் வைத்திருக்கிற புனிதாவை உனக்குத் தெரியும், பள்ளியில் உனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்தாளே, அவள்தான் நசுங்கியதும் கோணலானதுமாக, டூரிஸ்டுகள் வாங்காத பழங்களை ஒரு கூடை நிறையக் கொடுத்தாள். நீ அனுப்பிய செய்முறையைப் பார்த்துப் பழம், சர்க்கரை, தண்ணீர் எல்லாம் போட்டு அம்மா கொதிக்க வைத்தாள். புளிப்பு தாங்கவில்லை, நம் மலைப் பழம் பார்வைக்குத்தான் அழகு. கை பழகிய தோஷத்தில் அம்மா ஏலக்காயும் தட்டிப் போட்டுவிட்டாள், வீடெல்லாம் பாயச வாசனை. அதைவிடப் பெரிய குறை, தண்ணீராக இருந்தது. ஒரு பேன்கேக் சுட்டு மேலே ஊற்றிப் பார்த்தோம், மேலே நிற்காமல் ஓடித் தட்டின் ஓரத்தில் போய்த் தேங்கியது. அந்த சிரப்பை ஒரு வாரம் நாங்கள் சப்பாத்திக்குத் தொட்டுச் சாப்பிட்டுத் தீர்த்தோம்.

அடுத்த கூடை வந்ததும் இதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி அம்மாவை அடுப்படியிலிருந்து வெளியே அனுப்பினேன். முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டுகிற பகுதியில் நின்றவன் நான். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்கு தண்ணீர், அதைத் தட்டில் பரப்பிக் காற்று விட்டு வாட்டாமல் உருட்டினால் சாறும் போகும் மணமும் போகும் என்று எத்தனை புது ஆட்களுக்குச் சொல்லியிருப்பேன். இலைக்கு உள்ள நியாயம் பழத்துக்கு இல்லையா என்று தோன்றியது. ஒவ்வொரு பழத்தையும் இரண்டாக வெட்டி, சர்க்கரை தூவி, வீட்டிலிருந்த தட்டுகளையெல்லாம் எடுத்து ஹாலில் பரப்பி, டேபிள் ஃபேனைக் காலையிலிருந்து மறுநாள் காலை வரை ஓடவிட்டேன். நடுவில் இரண்டு தடவை புரட்டியும் போட்டேன். அம்மா மேரி பிஸ்கட் தின்றுகொண்டே, துரை ஃபேக்டரி திறந்துவிட்டார் என்று கிண்டல் செய்தாள். பழம் நன்றாகச் சுருங்கி, மணம் ஹாலில் நின்றது. அதைப் பிழிந்து எடுத்து, சூடு அதிகமானால் மணம் செத்துவிடும் என்று லேசாகக் கை பொறுக்கிற சூட்டில் மட்டும் வைத்து இறக்கினேன். நல்லாக் கொதிக்கவிட்டு ஃப்ரிட்ஜில் வை என்று கரேன் எழுதியிருக்கிறாளே என்றாள் அம்மா. தேயிலையை யாராவது ஃப்ரிட்ஜில் வைப்பார்களா என்று கேட்டு அவள் வாயை அடைத்தேன். கரேன், சிரப் எப்படி வந்தது தெரியுமா, தேன் மாதிரி கெட்டியாக, பேன்கேக் மேல் அப்படியே நின்றது. ஐந்து பாட்டில். ஒன்றைப் புனிதாவுக்குக் கொடுத்துவிட்டு மற்ற நாலையும் மூடியை இறுக்கித் திருகி அடுப்புப் பக்கத்து அலமாரியில் வைத்தேன். ஒன்றின் மேல் ஏமி என்று ஆங்கிலத்தில் எழுதி ஒட்டினேன்.

ஒன்பது நாள் கழித்து, அதுதான் அந்தப் புதன்கிழமை, அம்மா பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். அலமாரிக்குள் ஏதோ சீறுகிற மாதிரி சத்தம். திறந்து ஒரு பாட்டிலின் மூடியைத் தொட்டேன், அது பறந்துபோய் விழுந்தது, நுரை என் சட்டையிலும் முகத்திலும் சுவரிலும் அடித்தது. பழம் புளித்துப் பொங்கிவிட்டிருந்தது. கொதிக்காத பழத்தைச் சர்க்கரையோடு அடைத்து அடுப்புச் சூட்டில் வைத்தால் என்னவாகும் என்று கள்ளுக்கடை வாசலில் பாதி ஆயுளைக் கழித்த எனக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை. நாலு பாட்டிலையும் சிங்க்கில் கொட்டினேன், கழுவி வரிசையாகக் கவிழ்த்து வைத்தேன், சுவரைத் துடைத்தேன். சட்டையை மாற்றுவதற்குள் அம்மா வந்துவிட்டாள். கதவைத் திறந்தவள் மூக்கைச் சுருக்கினாள், ஈரச் சட்டையைப் பார்த்தாள், கவிழ்த்து வைத்த பாட்டில்களைப் பார்த்தாள். முன்பெல்லாம் நான் பாட்டிலைக் கழுவி அப்படித்தான் கவிழ்த்து வைப்பேன் என்பது உனக்கும் தெரியும். அற்புதம் என்று அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, இது சிரப் பொங்கியது என்றேன். ஒரு காலத்தில் இருமல் மருந்து என்றேன், பல்வலிக்குக் கொப்பளித்தது என்றேன், சர்ச்சில் கொடுத்த திராட்சரசம் என்றும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன், அந்த வரிசையில் இது ஸ்ட்ராபெரி சிரப். காட்டுவதற்குக் கையில் ஒரு சொட்டு மிச்சமில்லை, எல்லாவற்றையும் நானே கழுவி ஊற்றிவிட்டேனே. அவள் அறைக்குள் போய் உனக்கு ஃபோன் செய்தாள். நான் ஹாலில் உட்கார்ந்து உன் குரலைக் கேட்டேன். அவள் மேல் தப்பு சொல்ல முடியாது, நான் அவள் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மூன்று நாள் வீட்டில் பேச்சு இல்லை. சாப்பாட்டுத் தட்டை வைப்பாள், போய்விடுவாள். ஏமிக்காக வாங்கி வைத்திருந்த சின்னக் கம்பளியை எடுத்து மடித்துப் பெட்டிக்குள் போட்டாள். நேற்று சனிக்கிழமை காலையில் புனிதா வந்தாள். நான் கொடுத்த பாட்டிலை வெள்ளிக்கிழமை கடையில் ஆட்கள் முன்னால் திறந்திருக்கிறாள், பாதி அவள் மேலேயே பொங்கிவிட்டதாம். மீதிப் பாதியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலிலேயே நின்று, "என்னா அங்கிள் இது, சிரப்புன்னு குடுத்தீங்க, தொறந்தா மூஞ்சில அடிக்குது லா. வந்திருந்த சீனத்தி என்னைய குடிகாரின்னு நெனச்சிட்டா," என்று சிரித்தாள். அம்மா பாட்டிலை வாங்கினாள். மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள், விரலில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். புனிதா கிளம்பிப் போனாள். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாள், "முப்பத்தஞ்சு வருஷமா நீங்க சொன்ன பொய்ய எல்லாம் நம்பினேங்க. ஒரே ஒரு தடவ நெசம் சொன்னீங்க, அத நம்பாம போயிட்டேன்." அவள் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், கல்யாணமான புதிதில்கூட அப்படி உட்கார்ந்ததில்லை.

உடனே உனக்கு ஃபோன் செய்கிறேன் என்று எழுந்தாள். நான்தான் வேண்டாம் என்றேன், நானே எழுதுகிறேன் என்றேன். ஏன் தெரியுமா, அவள் சொன்னால் நான் ஒரு குற்றமும் இல்லாதவன் ஆகிவிடுவேன், நீயும் நம்பி வந்துவிடுவாய். அவளுக்குத் தெரியாத ஒன்று பாக்கி இருக்கிறது. நுரை அடித்ததும் பழம் கெட்டுவிட்டதா என்று பார்க்க ஒரு கரண்டி வாயில் வைத்தேன், அது தெரியாமல் செய்தது. நாக்கில் பட்டதுமே என்னவென்று தெரிந்துவிட்டது, புத்திக்குத் தெரிவதற்கு முன்னால் உடம்புக்குத் தெரிந்தது. தெரிந்த பிறகு இரண்டாவது முறை கரண்டியில் ஊற்றினேன். வீட்டில் யாரும் இல்லை, வெளியே மழை, இது பழச்சாறுதானே, பேத்திக்குச் செய்ததுதானே, யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு பேச்சு ஓடியது. கரண்டி உதடு வரை வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு அதைக் கொட்டினேன், அதற்குப் பிறகுதான் நாலு பாட்டிலையும் கொட்டினேன், கொட்டும்போது அழுதேன். குடிக்கவில்லை கரேன். ஆனால் எனக்கு அந்த ஆசை செத்துவிட்டது என்று நாலு வருஷமாக உன்னிடம் சொல்லிக்கொண்டிருந்தேனே, அது உண்மையில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு நாளும் நிறுத்திக்கொண்டேதான் இருக்கிறேன் போலிருக்கிறது. இதையும் தெரிந்துகொண்டு நீ வந்தால் வா.

இதுவரை எழுதியதை இப்போது அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துவிட்டு, நல்லது, அதையும் எழுதிவிட்டீர்களே என்றாள். இப்போது அடுப்படியில் புதுக் கூடைப் பழம் கொதிக்கிறது, தளதளவென்று சத்தம் இங்கே கேட்கிறது, நான் பக்கத்தில் போகக்கூடாது என்று உத்தரவு. எலுமிச்சம்பழம் பிழிந்து நீ சொன்னபடியே ஃப்ரிட்ஜில் வைப்பாளாம். கொஞ்சம் தண்ணீராக ஓடினால் ஏமி மன்னிக்கட்டும். வீட்டுச் செய்தி வேறு பெரிதாக இல்லை, பின்பக்கத் தகரக் கூரையை மாற்றிவிட்டோம், தாப்பா ரோட்டில் இரண்டு இடத்தில் மண் சரிந்து லோரிகள் மெதுவாகத்தான் போகின்றன, வந்தால் சிம்பாங் பூலாய் வழியாக வாருங்கள். மாப்பிள்ளை வளைவுகளில் வேகம் காட்ட வேண்டாம் என்று சொல். பிள்ளைக்குக் கனமான ஸ்வெட்டர் எடுத்து வை, மலேசியா என்றதும் வெயில் என்று நினைத்துச் சின்னச் சட்டையாக அடுக்கிவிடாதே. நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, போன தடவை வீடியோவில் கன்னம் ஒட்டியிருந்தது.

கர்த்தர் உங்கள் மூன்று பேரையும் போக்கிலும் வரத்திலும் காப்பாராக, உன் கைகள் செய்கிற வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்று மட்டும் நினைவில் வை. உனக்குப் பத்து வயது இருக்கும்போது நான் ஃபேக்டரியிலிருந்து வந்ததும் வாசலில் வழியை மறித்து நின்று, ஊதுங்கப்பா என்பாய். நான் ஊதி, நீ வாடை பார்த்த பிறகுதான் உள்ளே விடுவாய். ஒருநாள் அதற்காக உன்னை அடித்தேன், அதற்குப் பிறகு நீ என்னை எதுவுமே கேட்டதில்லை. டிசம்பரில் வந்தால் பெட்டியை இறக்குவதற்கு முன்னால் அந்த வாசலில் நின்று மறுபடியும் கேள், மகளே. ஏமி பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. நான் ஊதுகிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும் அப்பா,
ராஜநாயகம்