பிளாக்போர்டுக்கு இரண்டு குத்து

என் சின்னப்பொண்ணுவுக்கு,

நீ எங்களை விட்டுப் போய்ச் சேர்ந்த பிறகு, நீ பாடம் எடுத்த ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் இங்கிலீஷ் எடுக்கிறேன். உன் மகள் செல்வி முன் பெஞ்சில் உட்காருகிறாள். இதைச் சந்தோஷமாக எழுத வேண்டியவள் நான். வெட்கத்தோடு எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை மேலதிகாரி ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்தார். இங்கிலீஷ் கூட்டுச்சொற்களை அசை பிரித்து, அழுத்தம் காட்டும் பாடம். உன் வழியைத்தான் எடுத்தேன். கல்வராயன் மலையில் உங்கள் வீட்டில் இரண்டு பேர் ஒரே உரலில் சாமை குத்துவதுபோல, பிள்ளைகள் எதிரெதிரே ஜோடியாக நின்றார்கள். ‘பிளாக்’ என்று ஒருத்தி வெறுங்கையால் ஓங்கிக் குத்த, ‘போர்டு’ என்று எதிரில் நின்றவள் லேசாகக் குத்தினாள். ஒருவன் தனி அசையே இல்லாத ‘டு’வையும் பிரித்து இன்னொரு குத்து போட்டான். “வெறும் உரல இன்னாத்துக்குடா இடிக்கிற?” என்று நீ கேட்பாயே, அதையே நானும் கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்தார்.

“ரொம்ப நல்லா இருக்குங்க. உங்க யோசனையா, டீச்சர்?”

நான் சிரித்தேன், சின்னப்பொண்ணு. வேறொன்றும் சொல்லவில்லை. வாயில் கொழுக்கட்டையா வைத்திருந்தேன்? போர்டு நிறைய விதி எழுதிப்போட்டும் என்னால் புரியவைக்க முடியாத பாடம் அது. வரும் சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் மற்ற ஆசிரியர்களுக்கும் செய்து காட்டச் சொல்லிவிட்டுப் போனார்.

மத்தியானம் செல்வி வந்தாள். “டீச்சர், இது எங்கம்மா சொல்லிக்குடுத்ததுன்னு அவர்கிட்ட சொல்லலீங்களா?”

“நேரமில்லம்மா” என்றேன். அவர் கிளம்பியபோது மணி அடிக்க நிறைய நேரம் இருந்தது அவளுக்கும் தெரியும். “சரிங்க டீச்சர்” என்று போய்விட்டாள். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மாவைப் பற்றிப் பெருமையாகக் கேட்க அந்தப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை கிடைத்திருக்கும். அதை நான் எடுத்து வைத்துக்கொண்டேன். இதைவிடக் கேவலம் உண்டா?

நீ இருந்தால், “இன்னாக்கா, இதுக்குப் போயி அழுதுக்கினு” என்று என்னைத்தான் தேற்றுவாய். அதை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

சனிக்கிழமை செல்வியையும் கூட்டிக்கொண்டு போகிறேன். கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “வரேங்க” என்றாள். எல்லார் முன்னாலும் முதலில் உன் பெயரைச் சொல்வேன். அப்புறம் நானும் அவளும் எதிரெதிரே நிற்போம். ஓங்கிக் குத்தப்போவது உன் மகள். லேசான குத்து என்னுடையது.

உன் அக்கா,
ரஹ்மத்
சின்னசேலம்