அது குழந்தையல்ல, மேய்ப்பன்

அபெர்டெய்வி, வேல்ஸ்
1927 அக்டோபர் 11, செவ்வாய்

அன்பும் கோபமும் நிறைந்த என் பர்பாவுக்கு,

உன் கூல்வென் எழுதிக்கொள்வது. நானும் நம் மகள் சோவாசிக்கும் இங்கே சௌக்கியம். அங்கே நீயும், பசுவும், பக்கத்து வீட்டுச் செசாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வரிசையைப் பார்த்துச் செசா முகம் சுளிப்பாள். சுளிக்கட்டும். உனக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறவள் அவள்தானே! ஆகையால் அவளுக்கு முதலில் ஒரு வார்த்தை: செசா, ஒரு சொல் விடாமல் படி. தெரியாத சொல் வந்தால் குட்டையைத் தாண்டுவதுபோலத் தாண்டாதே. நீ தாண்டியதால் வந்த வினைதான் இவ்வளவும்.

பர்பா, முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். நம் மகளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. வயிற்றிலும் இல்லை, இடுப்பிலும் இல்லை, தொட்டிலிலும் இல்லை. அடுப்பங்கரையில் உட்கார். ஒரு வாய் தண்ணீர் குடி. பிறகு மேலே கேள்.

உன் கடிதம் போன வியாழக்கிழமை வந்தது. கொட்டகையில் உட்கார்ந்து வெங்காயத்தைச் சரம் கட்டிக்கொண்டிருந்தேன். "அந்தக் குழந்தையைத் தூக்கிக்கிட்டு என் வாசப்படி ஏறக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லு. பாத்துக்கிட்டுச் சும்மா இருந்த நீயும் ஏறாதே" என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். என் படிப்பு உனக்குத் தெரியும். எழுத்துக்கூட்டி மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் குழந்தை இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சோவாசிக் ஏணிமேல் நின்று சரங்களை மாட்டிக்கொண்டிருக்கிறாள், பூண்டுத்தாள் மாதிரி ஒல்லியாக. சத்தியமாகச் சொல்கிறேன், எழுந்துபோய் மூட்டைகளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். பூனைதான் இருந்தது. அதற்கு நான்கு குட்டிகள். அதற்காக நீ இவ்வளவு கோபப்பட மாட்டாய் என்று தோன்றியது.

ஜூலை மாதம் உன் பெயர்கொண்ட புனித பர்பா திருவிழா முடிந்த மறுநாள் அவளுடைய துணிகளை நீதான் மடித்துப் பெட்டியில் வைத்தாய். பாவாடைக் கொக்கியை நீதான் இழுத்து மாட்டினாய். மூன்று மாதத்தில் குழந்தை எங்கிருந்து வரும், பெண்ணே? முட்டைக்கோஸ்கூட அவ்வளவு சீக்கிரம் உருளாது.

கடிதத்தை அவளிடம் கொடுத்தேன். படித்ததும் முகம் வெளுத்துப்போய் ஏணியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா என்னை அப்படி நெனச்சிட்டாளாப்பா?" என்று ஒரே அழுகை. யார் இப்படி எழுதினார்கள் என்று விசாரித்தால், கொட்டகைக்குச் சொந்தக்காரி லெய்சா மாவுக் கையோடு வந்து நிற்கிறாள். "நான்தான் ஷோனி ஒரு கார்டு போட்டேன். நல்ல சேதியாச்சேன்னு போட்டேன்" என்றாள். (கடல் தாண்டி வந்து இங்கே வெங்காயம் விற்கும் நம் பிரெத்தோன்காரர்கள் அத்தனை பேருக்கும் ஷோனி என்று ஒரே பெயர்தான். இருபது வருஷமாகக் கூவிக் கூவி விற்கிறேன், என் பெயரை மட்டும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.)

கார்டில் என்ன எழுதினாள் என்று சொல்லச் சொன்னேன். சொன்னாள். கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டேன். பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன். நான் சிரித்ததைப் பார்த்து லெய்சா அழ ஆரம்பித்துவிட்டாள்.

விஷயம் இதுதான். இவர்கள் மொழியும் நம் மொழியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். ரொட்டிக்கு ஒரே சொல், பாலுக்கு ஒரே சொல், உப்புக்கும் வீட்டுக்கும் அப்பனுக்கும் ஒரே சொல். அதனால்தான் இங்கிலீஷ் ஒரு வார்த்தை தெரியாமல் என் பிழைப்பு ஓடுகிறது. நடுவில் சில சொற்கள் மட்டும் போக்கிரிகள். நம் ஊரில் 'பூகெல்' என்றால் குழந்தை. இங்கே அதையே எழுதினால் ஆடு மேய்ப்பவன். நான் வந்த முதல் வருஷம் மரியாதைக்காக லெய்சாவிடம், உங்களுக்கு எத்தனை பூகெல் என்று கேட்டேன். "ஒண்ணுதான் இருக்கு. அறுபது வயசாச்சு. குளிக்கவே மாட்டேங்குது" என்றாள். எனக்குத் தலை சுற்றியது.

ஆகவே லெய்சா உனக்கு எழுதியது: 'சோவாசிக்குக்குக் கடவுள் ஒரு நல்ல மேய்ப்பனைக் கொடுத்திருக்கிறார். திடமான உடம்பு. பால் நிறையக் குடிப்பான். இப்போதெல்லாம் ராத்திரி தூங்குவதே இல்லை. வாயில் எந்நேரமும் பைப் இருக்கும். எல்லோருக்கும் அவன் செல்லம்.' புகைக்கும் பைப்புக்கு இவர்கள் சொல் வேறு. நம் செசா அதைத் தாண்டிவிட்டு, வாயில் எந்நேரமும் விரல் என்று தானாக வைத்துப் படித்திருக்கிறாள்; உன் கடிதத்திலும் அந்த விரல் இருக்கிறது. செசா, உன்னைக் கோயில் பிரசங்கத்துக்கே அனுப்பலாம்.

சரி, குழந்தை போயிற்று. மேய்ப்பன் இருக்கிறான். அவனைப் பற்றி நீ கேட்பாய்.

பெயர் எம்லின். வயது இருபத்தெட்டு. லெய்சாவின் பண்ணைக்கு மேலே மலையில் ஒரு கல்வீடு, ஒரு நாய், சொந்தமாக நூற்றைம்பது ஆடு. ஜூலையிலிருந்து வாரம் தவறாமல் கொட்டகைக்கு வந்து வெங்காயம் வாங்கினான். தனிக்கட்டை, வாரத்துக்கு இரண்டு சரம்! எவ்வளவு நல்ல வாடிக்கைக்காரன், நம் வெங்காயத்தின் ருசி அப்படி, என் வாய்ச்சாலம் அப்படி என்று நான் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தேன். ஏணிமேல் நிற்கிறவளைப் பார்க்க வருகிறான் என்பது கொட்டகைப் பூனைக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. சிரி, சிரி. நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

உன் கடிதம் வந்த மறுநாளே அவன் வந்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை. தொப்பியைக் கையில் வைத்துப் பிழிந்தபடி ஆட்டுக்கு வரும் குளம்பு நோயைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினான். நானும் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு, "ஷோனி, இனிமே எனக்கு வெங்காயம் வேணாம். வீட்ல நடக்க எடமில்ல. எந்தப் பக்கம் திரும்புனாலும் தலையில இடிக்குது. ஒங்க பொண்ணத்தான் கேக்க வந்தேன்" என்றான். சொல்லி முடித்ததும் வெள்ளாட்டுக்குட்டி மாதிரி நடுங்கினான். எனக்கு உன் அப்பா முன்னால் நான் நின்றது ஞாபகம் வந்தது. நான் நடுங்கவில்லை என்று நீ சொல்வாய். நடுங்கினேன். அகலமான கால்சட்டை, தெரியவில்லை.

"மொதல்ல என் பேரச் சொல்லு, அப்புறம் பொண்ணக் கேளு" என்றேன். திணறினான். சோவாசிக் மூட்டைக்குப் பின்னாலிருந்து மெல்ல எடுத்துக் கொடுத்தாள். "கூல்வென் ஐயா" என்றான். இந்த நாட்டில் என் பெயரைக் கேட்டது இதுதான் முதல் தடவை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெங்காயம்தான் காரணம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்து நீ கேட்கப்போவது கோயில். ஆமாம், இவர்கள் வேறு சபைதான். ஒரு சொரூபம் இல்லை, ஒரு மெழுகுவர்த்தி இல்லை, கல்யாணத்துக்குக்கூடத் தேநீர்தான் குடிக்கிறார்கள். ஆனால் டவுனில் நம் கோயில் ஒன்று சின்னதாக இருக்கிறது. பாதிரியார் அயர்லாந்துக்காரர். அவர் ஊர்ப் பழைய மொழியும் நமக்கு உறவாம். ஒரு சொல்கூட எனக்குப் பிடிபடவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் முகம் காட்டும் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள். பிள்ளைகள் பிறந்தால் நம் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்று ஒரு தாளை நீட்டினார். எம்லின் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான். "எந்தப் பட்டியில அடைச்சா என்ன சாமி, குட்டி நல்லா இருந்தாச் சரி" என்றான். பாதிரியார் சிரிப்பை அடக்க மூக்கைச் சிந்திக்கொண்டார்.

நம் மகள் இங்கே வாடிப்போய்க் கிடக்கவில்லை, பர்பா. லெய்சாவிடம் நம்முடையதைப் போலவே வட்டமான அப்பக்கல் இருக்கிறது. அதில் சோவாசிக் நம் ஊர் அப்பம் சுட்டாள். லெய்சா ஏழு தின்றாள். இதைத் தடிமனாகச் சுட்டால் எங்கள் அப்பம்தானே என்றாள். மெலிசாகச் சுடத் தெரியாமல்தான் நீங்கள் தடிமனாகச் சுடுகிறீர்கள் என்று நான் சொன்னேன். அதிலிருந்து இரண்டு நாள் எனக்குத் தேநீர் கிடையாது.

எல்லாம் சொல்லிவிட்டேன். ஒன்றுதான் பாக்கி. சோவாசிக் என்னிடம் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா வாயால சரின்னு சொன்னாத்தான் கல்யாணம். இல்லேன்னா கடைசி மூட்டை வித்ததும் காலிச் சாக்கோட நானும் திரும்பிடறேன். ஒரு வார்த்தை கேக்கமாட்டேன்." உன் மகள்தானே. சொன்னால் செய்வாள். எம்லினிடமும் அதையே சொல்லியிருக்கிறாள். பாவம், அவன் இப்போது பாலும் குடிப்பதில்லையாம். கல்யாணம் என்றால் கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகை நோன்புக் காலம் தொடங்குமுன், நவம்பரிலேயே நடத்த வேண்டும் என்கிறார் பாதிரியார்.

செசா, இனி வருவதைக் காதைப் பொத்திக்கொண்டு படி.

பர்பா, இருபது வருஷமாக நான் கப்பல் ஏறும்போது நீ துறைமுகத்துக்கு வந்ததில்லை. கோழிக்குத் தீனி போட வேண்டும், பசுவுக்குப் பேறுகாலம் என்று ஏதாவது சொல்வாய். ஒவ்வொரு ஜூலையிலும் பசு கன்று போடுமா? நான் கேட்டதில்லை. உன் அண்ணன் வெங்காயத்தோடு கப்பல் ஏறித் திரும்பி வராத அந்த வருஷத்தைப் பற்றி நாம் பேசுவதில்லை. இப்போதும் பேசப்போவதில்லை. மகளையும் அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் விட்டுவிடு என்று உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இத்தனை பக்கம் சிரித்துக்கொண்டே வந்தேன்.

லெய்சாவின் சபைப் போதகர் ஒன்று சொன்னார். நம் ஊர்ப் புனிதர்கள் பாதிப் பேர் இங்கிருந்து போனவர்களாம். கல்தொட்டியில் உட்கார்ந்து கடல் தாண்டினார்கள் என்று நம் கோயில் சுவரில் படமே இருக்கிறதே! அப்படியானால் நம் பெண் அந்நிய தேசம் போகவில்லை. தாத்தாக்கள் விட்டுவிட்டு வந்த வீட்டைத் திறந்து பெருக்கப் போகிறாள். ஒரு வீட்டில் வாசல் இரண்டு. நான் வருஷா வருஷம் அரை வருஷம் இங்கே இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கையால் அப்பம் தின்று, உன்னைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சொல்லிவிட்டு, டிசம்பரில் வந்து அவள் சொன்னதை உன்னிடம் சொல்வேன். செசாவை நம்ப வேண்டியதில்லை.

உன் கல்யாணத்தில் நீ வைத்துக்கொண்ட வெள்ளை லேஸ் தலையணியைத்தான் அவளும் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறாள். நீ சரி என்பதற்கு அடையாளமாக அது வந்தால் போதும் என்கிறாள். ஆனால் அதைத் தபாலில் அனுப்பிவிடாதே. நசுங்கிவிடும். இங்கே அதற்குக் கஞ்சி போட ஒருத்திக்கும் தெரியாது. லெய்சா போட்டால் அப்பம் மாதிரி தடித்துவிடும். இஸ்திரி போட்டு, மடிப்பு எடுத்து, ஊசி குத்தி நிறுத்த நம் ஊர்க் கை வேண்டும்.

நம் ஊர் மாலுமி லான், நவம்பர் முதல் தேதி வரும் புனிதர் அனைவர் திருநாள் முடிந்ததும், இரண்டாவது லோடு வெங்காயத்தோடு அங்கிருந்து கிளம்புகிறான். மூட்டைகளுக்கு நடுவில் காற்றுப் படாத இடமாக ஒன்று விட்டுவைக்கச் சொல்லி அவனுக்கும் எழுதியிருக்கிறேன். நீ கண்ணை மூடிக்கொண்டு உட்காரலாம். கல்தொட்டி மிதந்த கடலில் லானுடைய மரக்கப்பல் மிதக்காதா? பசுவைச் செசா பார்த்துக்கொள்வாள். எனக்கு அவள் பட்ட கடன் இருக்கிறது.

புனித பர்பா இடியும் மின்னலும் அணுகாமல் உன்னைக் காக்கட்டும். என் பெயர்கொண்ட கூல்வென் புனிதர் அலைகளைக் கொஞ்ச நாள் பிடித்து வைக்கட்டும். கப்பல் வரும் நாளில் கரையில் மூன்று பேர் நிற்போம். உயரமாக, வாயில் பைப்போடு நிற்பவன்தான் அந்தக் குழந்தை. தலையணியைப் பெட்டியில் போடாதே, மடியில் வைத்துக்கொள்.

உன்னுடைய,
கூல்வென்